மேற்குச் சென்னையின் டயர் வரலாறு: அம்பத்தூர் டன்லப் முதல் தாழ்த்திய கார் வரை

மேற்குச் சென்னை என்று இக்கட்டுரையில் குறிப்பிடப்படுவது பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களையும் அவற்றிலிருந்து திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைகளையும் உள்ளடக்கிய தொழிற்பகுதி ஆகும். இந்தியாவின் வாகனத் தொழிலில் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், இரும்புக் குழாய், சங்கிலி, டயர் என வாகனத்தின் பல உறுப்புகள் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இங்கு உருவாயின. இதன் இரு ஓரங்களில், வடக்கே சோழவரத்திலும் தென்மேற்கே இருங்காட்டுக்கோட்டையிலும், தென்னிந்தியாவின் முக்கியமான இரண்டு கார் பந்தயக் களங்கள் அமைந்தன.

இன்று இப்பகுதி இளைஞர்களில் ஒரு சாரார் தங்கள் கார்களைத் தாழ்த்தி, அகலமான சக்கரம் பூட்டி, சறுக்கி ஓட்டும் டிரிப்ட் கலையில் ஆர்வம் காட்டுகின்றனர். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, கட்டுப்படியான விலையில் நல்ல டயர் எது என்பதே. அறுபது ஆண்டுகளுக்கு முன்பும் இதே கேள்வி இருந்தது. ஆனால் மலிவு என்ற சொல்லுக்கு ஒவ்வொரு காலத்திலும் வேறு பொருள் இருந்தது. அந்தப் பொருள் மாறிய விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிற்பட்டையின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சென்னையின் மேற்கே நிலம் மலிவாகக் கிடைத்தது. அரக்கோணம் செல்லும் ரயில் பாதையும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும் அருகருகே ஓடின. 1949ஆம் ஆண்டு முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் மிதிவண்டி ஆலையை நிறுவியது. மிதிவண்டிக்குத் தேவையான குழாய்களுக்காக 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆலை வந்தது.

1960களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. கார், லாரிகளுக்கான இரும்புச் சக்கரங்களை வீல்ஸ் இந்தியாவும், பிரேக்குகளை பிரேக்ஸ் இந்தியாவும், காற்றழுத்த பிரேக்குகளைச் சுந்தரம் கிளேட்டனும், மின் உறுப்புகளை லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் தயாரித்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பின்னர் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் திறக்கப்பட, சிறு உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. லேத், வெல்டிங், ஸ்பிரிங் வேலை அறிந்த தொழிலாளர் தலைமுறை ஒன்று இங்கு உருவானது. காரின் ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தும் இன்றைய பட்டறைகளின் கைத்திறனுக்கு வேர் அங்கேதான் உள்ளது.

அம்பத்தூர் டன்லப்

காற்றடைத்த டயரை முதலில் காப்புரிமை செய்தவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட் வில்லியம் தாம்சன். 1840களில் வந்த அவரது கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வராமல் மறக்கப்பட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் உருவாக்கினார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டயர் ஆலையைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் டயர் ஆலை அதுவே. அதே நிறுவனம் 1950களின் இறுதியில் அம்பத்தூரில் தன் இரண்டாவது ஆலையை அமைத்தது.

கேரளத்தின் ரப்பர் தோட்டங்களும் சென்னைத் துறைமுகமும் அம்பத்தூருக்கு எட்டும் தொலைவில் இருந்தன. இயற்கை ரப்பருடன் கார்பன் கரி, கந்தகம், நூல் துணி, இரும்புக் கம்பி ஆகியவற்றைச் சேர்த்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து வேகவைப்பதே டயர் தயாரிப்பின் அடிப்படை. இதற்கு நீராவியும் மின்சாரமும் கைப்பழக்கம் உள்ள தொழிலாளர்களும் பெருமளவில் தேவை. எனவே ஆலையைச் சுற்றிக் குடியிருப்புகளும் கடைகளும் வளர்ந்தன. திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பேருந்து நிறுத்தத்தின் பெயரே டன்லப் என்றானது.

ஆவடி மாநாடும் டயர்த் தட்டுப்பாடும்

1955ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. ஒரு தொழிற்சாலை என்ன பொருளை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானிக்கும் முறை, 1951ஆம் ஆண்டின் தொழில் சட்டத்தால் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. ஆவடித் தீர்மானமும் 1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கையும் அதற்கு அரசியல் வலுவூட்டின.

டயர் வாங்குவோருக்கு இதன் விளைவு நேரடியானது. விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே டயர் தயாரித்தன; இறக்குமதி அரிது. அம்பாசிடர் காருக்கு 5.90-15, பியட் காருக்கு 5.20-14 என்ற அளவுகள் பல ஆண்டுகள் மாறாமல் இருந்தன. எந்த டயர் நல்லது என்று ஒப்பிட்டு வாங்கும் நிலை இல்லை. டயர் கிடைப்பதே பெரிது. ஆகவே அக்காலத்தில் கட்டுப்படியான டயர் என்பதற்கு, கையில் உள்ள டயரை முடிந்தவரை நீட்டித்து ஓட்டுவது என்றே பொருள்.

நீட்டிக்கும் வழி ரீட்ரேடிங் எனப்பட்டது. தேய்ந்த டயரின் உடற்பகுதி நன்றாக இருந்தால், மேல்பட்டையைச் சீவி எடுத்துவிட்டுப் புதிய ரப்பர் பட்டையை ஒட்டி வேகவைப்பர். சென்னையின் இன்னொரு டயர் நிறுவனம் இந்தத் தேவையிலிருந்தே எழுந்தது. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் வடசென்னையின் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் தயாரிக்கத் தொடங்கினார். 1952இல் அவரது மெட்ராஸ் ரப்பர் பேக்டரி, ரீட்ரேடிங்குக்கான ரப்பர் பட்டையைத் தயாரிக்கத் தொடங்கியது. 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் முழு டயர் தயாரிப்பில் இறங்கியது. எம்.ஆர்.எப். என்று இன்று அறியப்படும் நிறுவனம் இதுவே. 1967இல் அது அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. 1970களில் ஆவடி, திருவள்ளூரைத் தாண்டிச் செல்லும் அதே ரயில் பாதையில் அரக்கோணம் அருகே அதன் ஆலை ஒன்று அமைந்தது.

சோழவரம்: ஓடுபாதையில் பந்தயம்

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் வழியாக வடக்கே சென்றால் சோழவரம் வரும். போர்க்காலத்தில் அங்கு ஒரு விமான ஓடுபாதை அமைக்கப்பட்டது. போர் முடிந்து அது பயனற்றுக் கிடந்தபோது கார் ஆர்வலர்கள் அதைப் பந்தயக் களமாக்கினர். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அதன் பின் பல பத்தாண்டுகளுக்குச் சோழவரப் பந்தயம் சென்னையின் ஆண்டுத் திருவிழாக்களில் ஒன்றாக விளங்கியது.

அங்கு ஓடிய கார்களில் பெரும்பாலானவை பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசிடர் போன்ற தெருக்கார்களைப் பட்டறைகளில் எடை குறைத்து, இன்ஜினை முடுக்கி, ஸ்பிரிங்கைச் சுருக்கி ஓட்டினர். சென்னைப் பகுதியில் கார் தாழ்த்தும் வழக்கம் அழகுக்காகத் தொடங்கவில்லை. காரின் எடைமையம் தரையை நெருங்கினால் திருப்பத்தில் சாய்வு குறையும், நான்கு டயர்களும் சுமையைச் சமமாகத் தாங்கும் என்ற பந்தய அறிவே அதற்குக் காரணம்.

அந்த டயர்கள் குறுக்கிழை டயர்கள். அவற்றின் உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே சாய்ந்து ஓடும். மேல்பட்டையும் பக்கச்சுவரும் ஒரே உடலாக அசையும். இதனால் திருப்பத்தில் டயர் எளிதில் வளையும், விரைவில் சூடேறும், விரைவில் தேயும். ஒரு நன்மையும் இருந்தது. பிடி திடீரென விடாது. மெல்ல மெல்ல நழுவும். அக்காலக் கார்களில் இன்ஜினின் விசை பின்சக்கரத்துக்குச் சென்றதால், பின்பக்கம் நழுவுவதை உணர்ந்து ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பிச் சமாளிப்பது ஓட்டுநர்களுக்குப் பழக்கமானது. டிரிப்ட் என்ற சொல் இங்கு புழக்கத்துக்கு வருமுன்பே அதன் அடிப்படை உத்தி சோழவரத்தில் அறியப்பட்டிருந்தது.

ரேடியல் டயரின் வருகை

பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. இதில் நூல் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். மேல்பட்டையின் அடியில் இரும்புக் கம்பிப் பட்டைகள் இருக்கும். பக்கச்சுவர் தனியே வளைய, மேல்பட்டை தரையில் தட்டையாகப் படியும். சூடு குறையும், ஆயுள் கூடும், எரிபொருள் மிஞ்சும்.

இந்தியாவில் 1977இல் ஜே.கே. டயர் நிறுவனம் ரேடியலை அறிமுகப்படுத்தியது. மேடு பள்ளமான சாலைகளாலும் அம்பாசிடர் போன்ற பழைய வடிவமைப்புகளாலும் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1990களில் தனியார் கார் நிறுவனங்கள் பெருகின. போர்டு மறைமலைநகரிலும், ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலை அமைத்தன. மிட்சுபிஷி லான்சர் கார் திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998இல் உற்பத்திக்கு வந்தது. அதே ஆண்டில் ஹூண்டாயின் சான்ட்ரோவும் வந்தது.

இக்கார்கள் ரேடியல் டயரில் ஓடின. விசை முன்சக்கரத்துக்குச் சென்றது. டயரின் விலை கூடினாலும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைந்தது. கட்டுப்படியான டயர் என்பதன் பொருள் இரண்டாம் முறை மாறியது. ஒரு டயரை எத்தனை முறை ரீட்ரேடு செய்யலாம் என்ற கேள்வி மறைந்து, அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்ற கேள்வி வந்தது. லாரி, பேருந்துகளில் ரீட்ரேடிங் தொடர்ந்தது. கார்களில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இந்த மாற்றத்தின் காலத்திலேயே அம்பத்தூர் டன்லப் சரிந்தது. நிர்வாக மாற்றங்களும் நிதி நெருக்கடியும் சேர்ந்து, 1990களின் இறுதியில் அதன் ஆலைகளில் உற்பத்தி முடங்கியது. 2005இல் ருயா குழுமம் நிறுவனத்தை வாங்கி ஆலைகளை மீண்டும் திறக்க முயன்றது. அது நிலைக்கவில்லை. 2010களில் கொல்கத்தா உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் வழியே நிறுவனம் கலைப்புக்குச் சென்றது. ஒரு தலைமுறைத் தொழிலாளர் குடும்பங்கள் நிலுவை ஊதியத்துக்காகவும் பணிக்கொடைக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. அம்பத்தூரில் டயர் செய்தவர்களின் பிள்ளைகள், வேறு ஊர்களில் செய்யப்பட்ட டயர்களை வாங்கும் வாடிக்கையாளர்கள் ஆயினர்.

டயர்த் தொழில் இப்பகுதியை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. இன்னும் மேற்கே நகர்ந்தது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஜே.கே. டயரும் சியட்டும், திருவள்ளூர் மாவட்டத்தின் தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் என 2010க்குப் பின் புதிய ஆலைகள் இயங்கத் தொடங்கின.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களம்

ஓடுபாதையில் நடத்தும் பந்தயத்துக்கு வரம்புகள் இருந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரக் களத்தை அமைத்தது. 1990 முதல் அது பயன்பாட்டில் உள்ளது.

இதே காலத்தில் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினைப் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட அந்த வகை, பெரும் பணக்காரர் அல்லாதோரும் பந்தயத்தில் நுழைய வழி செய்தது. எம்.ஆர்.எப்., ஜே.கே. டயர் ஆகிய இரு நிறுவனங்களும் பந்தயத் தொடர்களை நடத்தி, இளம் ஓட்டுநர்களுக்கு ஆதரவளித்தன. பிற்காலத்தில் எம்.ஆர்.எப். சேலஞ்ச் தொடரில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஷூமாக்கரும் ஓட்டினார். 2022இல் எம்.ஆர்.எப். அணி ஐரோப்பிய ராலிப் பட்டத்தை வென்றது. திருவொற்றியூரில் பலூன் செய்த கொட்டகையிலிருந்து அந்தப் பட்டத்துக்கு எழுபத்தாறு ஆண்டுகள் ஆயின.

தெருவில் ஓடும் காருக்கும் இதனால் பயன் கிடைத்தது. பந்தயத்தில் டயர் எவ்வளவு சூடேறுகிறது, எந்தப் பகுதி முதலில் தேய்கிறது, காற்றழுத்தம் எப்படி மாறுகிறது என்ற அறிவு சாதாரண டயரின் வடிவமைப்புக்கும் சென்று சேர்ந்தது.

டிரிப்ட் பண்பாட்டின் வருகை

டிரிப்ட் ஒரு தனி விளையாட்டாக ஜப்பானில் வளர்ந்தது. 1970களில் பந்தய ஓட்டுநர் குனிமிட்சு தகஹாஷி திருப்பங்களில் காரைச் சறுக்கவிட்டுச் சென்ற விதம், கெய்ச்சி சுச்சியா என்ற இளைஞரைக் கவர்ந்தது. சுச்சியா மலைச்சாலைகளில் அதைப் பயின்று, 1987இல் வெளியான ஒளிநாடா ஒன்றின் மூலம் நாடறியச் செய்தார். 2000களின் தொடக்கத்தில் ஜப்பானிலும், 2004இல் அமெரிக்காவிலும் முறையான டிரிப்ட் போட்டித் தொடர்கள் வந்தன. 2006இல் வெளியான டோக்கியோ டிரிப்ட் என்ற ஹாலிவுட் படம் இதைச் சென்னை இளைஞர்களிடமும் கொண்டுவந்தது.

ஜப்பானிய ஓட்டுநர்கள் ஒரு சிக்கன வழியைக் கண்டிருந்தனர். முன்சக்கரங்களுக்கு நல்ல பிடியுள்ள டயர். பின்சக்கரங்களுக்குக் கடினமான, மலிவான டயர். பின் டயர் எப்படியும் புகைந்து அழியும் என்பதால் அதற்கு விலை கொடுப்பதில்லை. இந்த வழி பின்சக்கர இயக்கக் கார்களுக்கும் மூடிய களத்துக்கும் உரியது.

மேற்குச் சென்னையில் இதைப் பின்பற்ற முயன்றவர்கள் இரு தடைகளைச் சந்தித்தனர். முதலாவது, கார். அம்பாசிடர், கான்டெசா, பிரீமியர் பத்மினி, ஜிப்சி போன்ற பழைய பின்சக்கர இயக்கக் கார்கள் அரிதாகிவிட்டன. இப்போது மலிவாகக் கிடைக்கும் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம். அவற்றில் கைபிரேக்கை இழுத்துப் பின்பக்கத்தை நழுவவிடலாமே தவிர, விசையால் சறுக்கலைத் தொடர முடியாது. அத்தகைய காரில் பின்பக்கம் மட்டமான டயர் போடுவது சிக்கனம் ஆகாது. மழையில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் முந்திக்கொண்டு வந்து கார் சுழன்றுவிடும். இரண்டாவது தடை, களம். டிரிப்ட் பயிற்சிக்கென்று எளிதில் நுழையக்கூடிய இடங்கள் குறைவு.

தாழ்த்திய காருக்கு டயர்: ஒரு கணக்கு

டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர் 15 88 எச் என்று எழுதியிருந்தால், அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரேடியல் அமைப்பு, சக்கர விட்டம் 15 அங்குலம் என்று பொருள். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரையிலான வேகத்துக்கு உரியது என்பதையும் குறிக்கும்.

இந்த டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. இதே 15 அங்குலச் சக்கரத்தில் 195/55 அளவைப் போட்டால் விட்டம் சுமார் 595 மி.மீ. ஆகும். டயர் மாற்றத்தாலேயே கார் 13 மி.மீ. தாழும். வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் சுமார் 96 ஆக இருக்கும். இதற்கு மேல் 40 மி.மீ. தாழ்ந்த ஸ்பிரிங்கும் போட்டால் மொத்தம் 53 மி.மீ. தாழும். தரை இடைவெளி 165 மி.மீ. இருந்த கார் 112 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். இந்தியச் சாலைக் கழக வழிகாட்டுதலின்படி அமைக்கப்பட்ட வேகத்தடையின் உயரம் 100 மி.மீ. புறநகர்த் தெருக்களில் அளவின்றிப் போடப்பட்ட வேகத்தடைகள் இதைவிட உயரமாகவும் செங்குத்தாகவும் இருப்பதுண்டு. காரில் நால்வர் அமர்ந்தால் அடிப்பாகம் உரசுவது உறுதி.

தாழ்த்துவதன் மறைமுகச் செலவு டயரிலேயே தெரியும். கார் தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். முன்னும் பின்னுமான கோணமும் மாறும். வீல் அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் விரைவில் தேயும். வெளியிலிருந்து பார்க்க டயர் புதிதுபோல் இருக்கும்; உள்விளிம்பில் கம்பி தெரியும். பாதி விலைக்கு வாங்கிய டயர் கால்பங்கு தூரம் மட்டுமே ஓடினால், கிலோமீட்டர் கணக்கில் அது இருமடங்கு விலை.

இதனால் டயர் தேர்வில் விலைப்பட்டியலுக்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பரவலான அளவு. பல நிறுவனங்கள் தயாரிக்கும் அளவில் போட்டி இருக்கும், விலை இறங்கும், ஒரு டயர் வெடித்தால் மாற்று உடனே கிடைக்கும். அரிதான அளவில் ஒரே ஒரு டயருக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அதே காரின் உயர்வகை மாடலுக்கு நிறுவனம் கொடுத்துள்ள அளவே பொதுவாகப் பாதுகாப்பான உயர்வு.

இரண்டாவது, சுமைத்திறன். அகலத்தைக் கூட்டிப் பக்கச்சுவரைக் குறைக்கும்போது சுமைக் குறியீடு குறையாமல் பார்க்க வேண்டும். தட்டையான பக்கச்சுவர் பள்ளத்தில் விழுந்தால் சக்கரத்தின் விளிம்புக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே நசுங்கி வீங்கும். வீங்கிய டயரைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, வயது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். செகண்ட் ஹேண்ட் டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து இறுகியிருக்கலாம். அத்தகைய டயர் ஈரச்சாலையில் பிடிக்காது.

நான்காவது, ஈரப்பிடி. டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த உள்ளங்கைக்கும் சாலைக்கும் இடையே உள்ள நீரைப் பட்டனின் பள்ளங்கள் வெளியேற்ற வேண்டும். பள்ளம் இல்லாத மொட்டை டயர் நீரின்மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயன்படா. அகலமான டயரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததைக் காட்ட உள்ளே சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கும். அவை மேல்பட்டையோடு சமமானால் டயரை மாற்றியாக வேண்டும்.

சட்டமும் சந்தையும்

2000களில் சீனா, தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளின் டயர்கள் இந்தியச் சந்தையில் பரவின. தரத்தை உறுதிசெய்ய 2009ஆம் ஆண்டின் ஆணை ஒன்றின்வழி, டயர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கார் டயருக்கான தர எண் ஐ.எஸ். 15633. 2020 ஜூன் மாதத்தில் புதிய டயர்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதன் பின் அரிய அளவுகளும் விளையாட்டு வகை டயர்களும் கிடைப்பது கடினமானது. 2022 முதல் உருள்தடை, ஈரப்பிடி, ஒலி ஆகியவற்றுக்கான விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 4,000 ரூபாய் மதிப்புள்ள டயருக்கு இதனால் 400 ரூபாயும், நான்கு டயர்களுக்கு 1,600 ரூபாயும் மிச்சமாகும்.

வாகனத்தை மாற்றியமைப்பது குறித்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பேசுகிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். விபத்து நேர்ந்தால் அனுமதியற்ற மாற்றம் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கலை உண்டாக்கும். எனவே ஸ்பிரிங் மாற்றத்தின் செலவைக் கணக்கிடுபவர் இவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மதிப்பீடு

உரிமக் காலத்தில் மலிவு என்பது கிடைத்ததை ஒட்டவைத்து ஓட்டுவது. ரேடியல் காலத்தில் அது நீண்ட ஆயுள். இறக்குமதிக் காலத்தில் அது குறைந்த விலை. இன்று, தேர்வு பெருகியிருக்கும் நிலையில், காரின் உயரத்துக்கும் தெருவின் நிலைக்கும் மழைக்கும் சட்டத்துக்கும் பொருந்துவதே மலிவு.

சோழவரத்தில் ஸ்பிரிங்கைச் சுருக்கியவர்கள் பந்தயம் முடிந்ததும் காரை ஓடுபாதையிலிருந்து வெளியே எடுத்துச் சென்றனர். களமும் தெருவும் வெவ்வேறாக இருந்தன. தாழ்த்திய காரில் அவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. டயரைச் சறுக்கவைக்க வேண்டிய இடம் இருங்காட்டுக்கோட்டை போன்ற வேலியிட்ட களம். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அதே டயருக்கு ஒரே வேலைதான் உண்டு: பள்ளி விட்டு வரும் பிள்ளை சாலையின் குறுக்கே வந்தால், ஈரத்திலும் பிடித்து நிறுத்துவது.

டன்லப் ஆலையில் டயர் வேகாமல் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நிறுத்தத்தைக் கடக்கும் வாகனங்களில் இன்று ஒரகடத்திலும் அரக்கோணத்திலும் வெந்த டயர்கள் சுழல்கின்றன. டயரை அறிந்த ஊர் என்ற பெயர் மேற்குச் சென்னைக்கு ஆலைகளால் கிடைத்தது; அதைக் காக்கும் பொறுப்பு இப்போது டயரைத் தேர்ந்து வாங்குபவர்களிடம் வந்துள்ளது.